வெள்ளை அரளி

இரண்டு இலைப் பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டுக் கன்னியம்மாள் ஒதுங்கி நின்றாள்.

வெள்ளைப் பூ வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் பழைய வழக்கம்தான்.

ஜவ்வாது மலையில் அந்த ஊர்த் திருவிழாவுக்கு முப்பது வருடமாக அலகு குத்துபவள் அவள். நேர்ந்துகொண்ட எல்லோருக்கும் ஒரே வெள்ளி அலகு. ஒருவர் கன்னத்திலிருந்து உருவி, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, அடுத்தவர் கன்னத்தில் குத்துவாள்.

அப்படிச் செய்தால் எச்.ஐ.வி. பரவலாம், ஆளுக்கொரு புது அலகு வேண்டும் என்று நர்ஸ் மஞ்சுளா போன ஆடியிலேயே சொல்லிப் பார்த்தாள். வயதான பெண்களெல்லாம் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவள் கன்னியம்மாள்தான்.

“அம்மன் காலடியில கெடக்கற அலகுல நோவு ஏறுமா? இன்னா பேச்சு பேசுற நீ!”

அவளே இந்த வருடம் ஊரைக் கூட்டி, பூப்போட்டுக் கேட்டுவிடலாம் என்றதும் யாராலும் நம்ப முடியவில்லை.

ஊர்ப் பெரியவர் ராஜவேலு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை அரளி.

பெண்கள் குலவையிட்டார்கள். மஞ்சுளா ஓடிப் போய்ப் புது அலகுப் பெட்டியைத் தூக்கி வந்தாள்.

மற்ற பொட்டலத்தைக் கன்னியம்மாள் சத்தமில்லாமல் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதிலும் வெள்ளை அரளிதான்.

தப்பென்றால் தண்டனை என்னோடு போகட்டும் தாயே என்று மனதுக்குள் கும்பிட்டாள்.

வரிசை நகர்ந்தது. கடைசியில் அவள் தங்கை மகள் இளவரசி, ஒன்றரை வயதுப் பெண் குழந்தையோடு தயங்கி நின்றாள்.

போன மாதம் இவள் அழுதுகொண்டு வந்த பிறகுதான், ஆறு வருடமாக அந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதே கன்னியம்மாளுக்குத் தெரியும். குழந்தைக்கு அது ஒட்டக் கூடாது என்று அம்மனுக்கு அலகு நேர்ந்திருந்தாள். ஒட்டவில்லை. கடைசிப் பரிசோதனையும் அப்படியே சொல்லிவிட்டது.

“என் ரத்தம் பட்ட அலகு இன்னொருத்தர் மேல படக் கூடாது பெரிம்மா. நான் வேண்டுதல வுட்டுர்றேன்” என்றிருந்தாள்.

கன்னியம்மாள் குழந்தையை வாங்கி மஞ்சுளாவிடம் கொடுத்தாள். இளவரசியின் கன்னத்தில் திருநீறு பூசினாள்.

“ஆத்தா காத்துக்கினு இருக்கா. வாயத் தொறடி.”