கண்ணுக்குப் பின்னால்

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார்.

"கண்ணுக்குப் பின்னால, மூளைக்கு அடியில, ரத்தம் தேங்கி ஓடுற ஒரு குழி இருக்கு. கேவர்னஸ் சைனஸ்னு பேரு. கண்ணை அசைக்கிற நரம்பெல்லாம் அது வழியாத்தான் போகுது. அங்க வீங்கி நரம்பை அமுக்குது. அதான் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. மாத்திரையை ஒழுங்காப் போட்டா சரியாயிடும்."

சந்திரமோகனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கண்ணைக் காட்ட வந்திருந்த அவன் மனைவி லோகேஸ்வரி மாத்திரைச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டாள்.

ஒரு வாரமாகியும் அவளுடைய இடது கண் மூக்குப் பக்கமே சாய்ந்து கிடந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக முடியாமல், வலியைப் பொறுத்துக்கொண்டு லயத்து வீட்டிலேயே இருந்தாள். அன்று மத்தியானம் அவன் தலையணையை உதறியபோது மாத்திரைகள் பொலபொலவென்று கொட்டின. ஒன்றைக்கூட அவள் விழுங்கவில்லை.

அள்ளிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்திருந்த அவளிடம் ஓடினான். "பைத்தியமா உனக்கு? கண்ணு போயிருமே!"

அவள் திரும்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டு மகள் ஹர்ஷினி கீழேயிருந்து படியேறி வந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே லோகேஸ்வரி சிரித்தாள்.

"கொஞ்ச நாள் இப்பிடியே இருக்கட்டுங்க. போன மழையில மண்ணு சரிஞ்சு வர்ஷினியை மூடினதுலருந்து, இவ ஒத்தையிலதான் வந்துக்கிட்டு இருந்தா. இப்பத்தான் ரெட்டைப் புள்ளைக ரெண்டும் பழையபடி சேர்ந்து வருதுங்க."

சந்திரமோகனும் படியைப் பார்த்தான். அவன் கண்ணுக்கு ஒருத்திதான் வந்தாள்.

மாத்திரைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்லக் கேட்டான்: "வர்ஷினி எந்தப் பக்கமா வர்றா?"