பேய்க்குச் சிரிப்பு வந்தால்

“மறுபடியும் சாகணுமா?” தரையில் கிடந்தபடியே கேட்டாள் ஐலீன்.

ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்ந்து, தினமும் பேயிடம் சாகிற மாணவியைப் பற்றிய மாணவர் குறும்படம் அது. முதல் பாகம் மலேசியாவின் தெப்ராவிலிருந்த அவர்கள் கல்லூரியையே சிரிக்க வைத்ததால், இப்போது இரண்டாம் பாகம். முகமூடிப் பேய் ஐலீனைத் துரத்திக் குத்த வேண்டும். ஆனால் கத்தியை ஓங்கியதுமே பேய்க்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

இயக்குநர் ஜீவனுக்குக் கோபமே வரவில்லை. “சூப்பர்! இன்னும் ஒரே ஒரு டேக்” என்று பேயிடம் குழைந்தான்.

“அலமாக்!” என்று அலுத்துக்கொண்டாள் ஐலீன். “அந்தப் பேயத் திட்டேன்டா. அஞ்சு மணிக்குள்ள முடிக்கலன்னா பிரின்சிபல் நம்மளக் கொன்னுடுவாங்க லா. அவங்க சிரிச்சு யாராச்சும் பாத்திருக்கீங்களா?”

ஜீவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பேய் முகமூடியைக் கழற்றியது. வியர்வையும் சிரிப்புமாக நின்றார் கல்லூரி முதல்வர் செல்வராணி.

ஐலீன் பதறி எழுந்தாள். “சாரி, மேடம்!”

“நான்னு தெரிஞ்சா பயந்துருவீங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஜீவன்கிட்ட சொன்னேன். முதல் பாகம் பாத்ததுலேருந்து நடிக்க ஆசைம்மா.”

“மணி அஞ்சாகப் போகுது மேடம்...”

“ஆகட்டுமே. நீ ஓடு, நான் துரத்தணும்!”