கூட்டின் மேல் வெயில்

கூட்டை மறைத்திருந்த கிளையை வளைத்துப் பிடித்தான். சணல் கயிற்றால் ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முடிச்சு.

கூடு வெளிச்சத்துக்கு வந்தது.

உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம். அதற்குள் மூன்று குஞ்சுகள். கண் திறக்கவில்லை. இறகு முளைக்கவில்லை. கிளை அசைந்ததும், இரை வந்துவிட்டதாக நினைத்து மூன்றும் வாயைப் பிளந்தன.

அவனுக்கு எச்சில் கசந்தது. துப்பினான்.

"ஏனுங்க தம்பி, அந்தக் கீழ் எலை ஒண்ணு மூக்கை நீட்டுதுங்களே" என்றார் திருப்பூர்க்காரர். பனியன் கம்பெனி முதலாளி. முக்காலி மேல் அவர் ஏற்றி வைத்திருந்த லென்ஸ் ஒரு கைக்குழந்தை அளவு இருந்தது.

இலையைக் கிள்ளி எறிந்தான்.

பத்து நிமிடம். அது அவன் போட்ட சட்டம். பத்து நிமிடம் படம் எடுக்கலாம். பிறகு கயிற்றை அவிழ்த்துக் கிளையை விட்டுவிட வேண்டும். இறகில்லாத குஞ்சை மே மாத வெயில் அதற்கு மேல் விட்டுவைக்காது. வாட்ஸப் விளம்பரத்தில்கூடக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். 'பறவைகளுக்குத் தொந்தரவில்லாத பயணம்.'

கயிறே கட்டுவதில்லை என்பதுதான் முதலில் சட்டமாக இருந்தது.

அதற்கும் முன்னால், கூட்டுக்கு முப்பதடிக்குள் போகிறவனைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறவனாக இருந்தான். அப்போது கையில் ஒரு பழைய பைனாகுலர். ஞாயிற்றுக்கிழமை. தனியாக.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆளுக்கு மூவாயிரம். அவன் வேலை பார்க்கும் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் ஒரு வாரம் சோதனைக்குழாய் கழுவினால் கிடைப்பது.

மணி ஒன்பது நாற்பத்தெட்டு.

இரண்டு வெள்ளை ரிப்பன்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு அது வந்தது. அரசவால் ஈப்பிடிப்பான். ஆண். அலகில் ஒரு தும்பி.

கேமரா தையல் மெஷின் மாதிரி அடித்தது.

தும்பியை ஊட்டிய பறவை திரும்பிப் போகவில்லை. கூட்டின் விளிம்பில் நின்றது. வெயில் வரும் பக்கமாக முதுகைத் திருப்பியது. மெதுவாக, இரண்டு சிறகையும் விரித்தது.

குஞ்சுகள் மேல் கைக்குட்டை அளவுக்கு நிழல் விழுந்தது.

அப்படியே நின்றது.

"அய்யோ சாமி!" திருப்பூர்க்காரர் குரல் உடைந்தது. "தாய்மை! என்ன தாய்மை பாருங்க தம்பி!"

அது அப்பன். அவன் திருத்தவில்லை. ஒரு காலத்தில் டீக்கடையில் எவனாவது மைனாவைக் குயில் என்று சொன்னாலே எழுந்து சண்டைக்குப் போவான்.

பத்து நிமிடம் முடிந்தது.

கயிற்றை நோக்கி நடந்தான். அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணில் நிஜமாகவே நீர்.

"எங்கம்மா போயி நாப்பது நாள்தானுங்க ஆச்சு. இன்னும் பத்தே நிமிசம் தம்பி. மாட்டேன்னு சொல்லாதீங்க."

சொல்லவில்லை.

பறவை அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. தொண்டை துடித்தது. சிறகின் நுனி நடுங்க ஆரம்பித்தது. அது பாடுகிறது என்று திருப்பூர்க்காரர் சொன்னார். அவர் நெற்றியிலும் வேர்வை. துண்டால் துடைத்துக்கொண்டு, பாட்டிலைத் திறந்து மடமடவென்று மோர் குடித்தார்.

பிறகு படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது.

"சூப்பருங்க சார்" என்றது அவன் வாய்.

குரலில் நடிப்பே இல்லை. அவனுக்கே காது கூசியது.

கூட்டில் இரண்டு வாய்கள் மட்டும் திறந்திருந்தன. மூன்றாவது குஞ்சு தலையை விளிம்பில் சாய்த்துப் போட்டிருந்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கியது.

காருக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் அந்தப் படத்தை மூன்று வாட்ஸப் குழுக்களுக்கு அனுப்பிவிட்டார். கீழே ஒரே சொல்: தாய்மை. அதற்கும் கீழே அவன் பெயர், செல் நம்பர். நன்றியாம்.

கார் கிளம்பியதும் அவன் ஓடினான். மரத்தடிக்கு வந்து முடிச்சில் விரலை வைத்தான். ஒரு கை நீளத்தில் பறவை நின்றது. பறக்கவில்லை. சிறகை மடக்கவும் இல்லை. அவனைப் பார்த்தது.

போதும். இந்தக் கிளையை விடுவதோடு எல்லாம் முடிந்தது. முன்பதிவு செய்திருக்கிற பன்னிரண்டு பேருக்கும் பணத்தைத் திருப்பிவிடலாம். பழைய பைனாகுலர் போதும்.

செல் அதிர்ந்தது.

"அண்ணா, ஈரோட்டுல இருந்து பேசறமுங்க. இப்பத்தான் படம் பார்த்தோம். நாலு பேர் கார்ல ஏறிட்டோம். அந்த ரெக்கை விரிக்கிற போஸ் எங்களுக்கும் வேணுமுங்க. எத்தனை மணிக்கு வந்தா உறுதியாக் கெடைக்கும்?"

அவன் மேலே பார்த்தான். சூரியன் உச்சிக்கு வர இன்னும் நேரமிருந்தது.

"பன்னெண்டரைக்கு வாங்க" என்றான். "வெயில் சுள்ளுன்னு எறங்கினாத்தான் விரிக்கும்."

செல்லைப் பையில் போட்டான். முடிச்சை அவிழ்த்தான்.

கிளை மெல்லத் திரும்பி வந்து கூட்டை மூடியது. இலைகள் எங்கும் விலகாமல் விரலால் சரி செய்தான். தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அவற்றின் மேல் தெளித்தான். இலை இடுக்கு வழியே மூன்றாவது குஞ்சின் வயிற்றைக் குனிந்து பார்த்தான்.

பன்னிரண்டரை வரைக்கும் மூன்றும் தாங்க வேண்டுமே.