மறைக்காமல் சொன்ன வியாதி

“எனக்கு வீசிங் இருக்குதுங்க. லேசா இல்ல, ரொம்பவே இருக்குது. அப்புறம் தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாது பாருங்க.”

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு குண்டு விழும் என்று விக்ரம் நினைக்கவில்லை. வேலை, சம்பளம், சொந்த வீடு என்று எதையாவது கேட்பாள் என அவன் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த பதில்களெல்லாம் வீணாகிவிட்டன.

கூடத்தில் அவன் அம்மாவும் பெண்ணின் அப்பா சிவராஜும் தறியில் ஏறியிருந்த முகூர்த்தப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தேவிப்ரியாவோடு தனியாகப் பேச அவனுக்குக் கிடைத்தது இந்தச் சின்ன அறைதான். வெள்ளிக்கிழமை ஆனதால் சாம்பிராணிப் புகை வேறு. அவன் பதறிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

“மருந்து எடுக்கிறீங்களா?”

“காலைல, ராத்திரி ரெண்டு வேளையும் இன்ஹேலர். இழுத்ததும் வாய் கொப்பளிக்கணும். மூச்சு நல்லா இருக்குதேன்னு நிறுத்திடக் கூடாது. போன மார்கழியில அப்படி நிறுத்தினதுல ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெக்கிற அளவுக்குப் போயிடுச்சு.”

“இன்ஹேலர் பழகிட்டா அப்புறம் விடவே முடியாதுன்னு சொல்றாங்களே?”

“ஊரே அப்படித்தான் சொல்லிக்கினு இருக்குது.” அவளுக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. “பழகிடும்னு பயந்து யாராச்சும் கண்ணாடியைக் கழட்டி வெக்கிறாங்களா?”

விக்ரம் தன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். மென்று விழுங்காமல் பேசும் இந்தப் பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

“திடீர்னு மூச்சு முட்டினா, கூட இருக்கிறவங்க என்ன செய்யணும்?”

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

“படுக்க வெக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார வெச்சு, அவசரத்துக்குன்னு இருக்கிற இன்ஹேலரைக் குடுக்கணும். அடங்கலைன்னா யோசிக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும். பயந்துட்டீங்கல்ல? வேணாம்னு சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

“எதுக்கு வேணாம்னு சொல்லணும்? மருந்துக்கு அடங்குற வியாதிதானே? ஒழுங்கா மருந்து எடுத்தா எல்லாரையும் போலக் குடும்பம் நடத்தலாம். இதுக்காகப் போய் நல்ல மனுஷங்களை ஒதுக்கினா, அதைவிட முட்டாள்தனம் வேற இல்லீங்க.”

தேவிப்ரியாவின் கண்கள் கலங்கிவிட்டன. விக்ரமுக்கு மனசு நிறைந்துபோனது. கூடத்துக்குப் போய்ச் சம்மதம் சொல்ல எழுந்தான்.

“இப்ப சொன்னதை அப்படியே எங்கப்பாகிட்ட சொல்வீங்களா?” என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அதுக்குத்தாங்க போறேன்.”

“வீசிங் எனக்கில்லீங்க, எங்க அத்தை பையன் லோகேஷுக்கு. சின்ன வயசுலேருந்து எனக்குன்னு பேசி வெச்சவரு. மூச்சிழுக்கிறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னுதான் அப்பா உங்களை வரச் சொன்னாரு.”