ஒப்புதல் மெயில்

கணவன் ஃபெலிக்ஸின் படத்துக்கு ஹெலினா மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கிரண். வெப்சைட்டுகளுக்கு, அவை பாதுகாப்பானவை என்று காட்டும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் வாங்கித் தரும் கம்பெனியில் வேலை பார்ப்பவன்.

“மேடம், உங்க ஆர்டர் இன்னும் பெண்டிங்லயே இருக்கு. சைட் ஓனர் மெயிலுக்கு ஒரு லிங்க் போயிருக்கும். அவர் அதைத் தெறந்து ஒரே ஒரு தடவை ‘அப்ரூவ்’னு அமுக்கினாப் போதும்.”

“அது எங்க வீட்டுக்காரர் மெயிலுங்க.”

“அப்ப சாரை அமுக்கச் சொல்லுங்க.”

“அவரு இல்லீங்க.”

“வந்ததும் சொல்லுங்க மேடம். நாளைக்கு வரைக்கும்தான் ஆர்டர் நிக்கும். அப்புறம் தானா கேன்சல் ஆயிடும்.”

அவன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

மாதா கோயிலில் முதல்முறையாக நற்கருணை, அதாவது புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் தைப்பதுதான் ஹெலினாவின் தொழில். கொரட்டூர் வீட்டு முன்னறையில் மூன்று மெஷின்கள். சரசாவும் ஜமீலாவும் கூடத் தைத்தார்கள். ஆர்டரெல்லாம் வெப்சைட் வழியாகத்தான் வரும்.

இத்தனை வருஷமாகத் தானாகவே புதுப்பித்துக்கொண்டிருந்த சைட்டின் சான்றிதழ், போன வாரம் காலாவதியானது. அன்றிலிருந்து யார் திறந்தாலும் ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று வந்து நின்றது. நூற்று நாற்பது கவுன் கேட்டிருந்த பெங்களூர் கோயில்காரர்கள், “பிள்ளைங்க பேரு, அளவெல்லாம் இதுல எப்படிப் போடுறது? நாளைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா வேற எடம் பாக்குறோம்” என்று சொல்லிவிட்டார்கள்.

சைட்டைப் போட்டது ஃபெலிக்ஸ். பாஸ்வேர்டை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. கேட்டால், “உனக்கு எதுக்கு? தைக்கிற வேலையப் பாரு” என்பான். வெளியே கிளம்பினால் கேட்டைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போகிற ஆள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அவன் பைக்கும் செருப்பும் மட்டும் கிடந்தன. ஆறாம் நாள் ஒரு உடல் மிதந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. மாமியார் ஞானகுமாரிதான் சட்டையைப் பார்த்து, “எம் புள்ளதான்” என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

ஹெலினாவும் அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு, யாரையும் கேட்காமல் கேட்டைத் திறந்துகொண்டு கடைக்குப் போய் நூல்கண்டு வாங்கி வந்தாள். அந்த நாள் அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

இப்போது மறுபடி அதே மூச்சுமுட்டல். பாஸ்வேர்டை மாற்றப் போனால் அவன் மெயிலுக்குத்தான் ஓ.டி.பி. போகிறது. ஓனர் பெயரை மாற்றப் போனால் அதற்கும் அவன் மெயிலிலிருந்துதான் சம்மதம் வர வேண்டுமாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் நின்றான்.

அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் போனாள்.

“அத்தை, அவரோட டெத் சர்டிபிகேட்டைக் குடுங்க. அனுப்பினா பேரை மாத்தித் தருவாங்களான்னு கேக்குறேன்.”

ஞானகுமாரியின் கை நின்றது. “அதெல்லாம் எவனுக்கும் அனுப்பாத. இப்ப இன்னா அவசரம்?”

“நாளைக்குள்ள ஆவலன்னா பெங்களூர் ஆர்டர் போயிடும் அத்தை. சரசாக்கும் ஜமீலாக்கும் வேலை இல்ல.”

“உனுக்கு இன்னாதான் வேணும் அதுல?”

“அவரு மெயிலுக்கு ஒரு லிங்க் வந்துகீது. அதைத் தெறந்து அமுக்கணும். அவ்ளோதான்.”

“அவ்ளோதானே? மாதாவ வேண்டிக்கோ. ஆயிடும்.” கூடையையும் போனையும் எடுத்துக்கொண்டு, காய்ந்த துணிகளை எடுக்க மொட்டைமாடிக்கு ஏறினாள் மாமியார்.

ஹெலினா மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பெங்களூர்காரர்களுக்கு எப்படி இல்லை என்று சொல்வது, சரசாவிடமும் ஜமீலாவிடமும் எந்த முகத்தோடு பேசுவது என்று தெரியவில்லை. படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“செத்தும் என்னை விட மாட்டீங்களா?”

கால்மணி நேரம் போயிருக்கும். மறுபடி கிரண்.

“மேடம், சர்டிபிகேட் வந்துடுச்சு! சைட்டைத் தெறந்து பாருங்க.”

திறந்தாள். எச்சரிக்கை எதுவும் இல்லை. வெள்ளை கவுன் போட்ட குழந்தைகள் வரிசையாகச் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

“எப்படி கிரண்? நான் ஒண்ணுமே பண்ணலியே!”

“நீங்க இல்ல மேடம். ஃபெலிக்ஸ் சார்தான் இப்ப மெயிலைத் தெறந்து அப்ரூவ் பண்ணாரு.”