கடைசிச் சீட்டு

தட்டில் இரண்டே சீட்டு மிச்சம் இருக்கும்போதுதான் ரூபி கோயில் வாசலில் வந்து நின்றாள். கூட ஒரு ஆள்.

புது வருஷ ஆராதனைக்கு வருகிற நேரமா இது! பிரசங்கம் முடிந்து, மற்ற அறுபது வீட்டுக்காரர்களும் வரிசையாக வந்து வாக்குத்தத்தச் சீட்டு எடுத்து, மைக்கில் வாசித்துவிட்டு உட்கார்ந்தாயிற்று. தட்டைப் பிடித்துப் பிடித்து என் கை மரத்துப்போயிருந்தது.

மணி அடிப்பது, பாய் விரிப்பது, சீட்டு எழுதுவது எல்லாம் கோயில்பிள்ளையாகிய என் வேலை. வீட்டுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு வேத வசனம். வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு அதுதான். எல்லாரும் எடுத்த பிறகு தட்டில் கிடக்கிற கடைசிச் சீட்டு கோயில்பிள்ளைக்கு. அது எங்கள் வழக்கம்.

போன வருஷம் ரூபி எடுத்த சீட்டில் வசனம் இல்லை.

சோலைமுத்து, நாகல்நகர் பின்தெரு, தகர வீடு, நடக்க முடியாது. இவ்வளவுதான் எழுதியிருந்தது. அவளும் அதை அப்படியே மைக்கில் வாசித்தாள். கோயிலே சிரித்தது.

வியாதிக்காரர்களை வீடு சந்திக்கிற பட்டியலில் இருந்து ஏதோ கலந்திருக்கும் என்று நான் சொன்னேன். வேறு சீட்டு எடுத்துக்கொள்ளும்படி போதகர் சொன்னார்.

"ஆண்டவர் குடுத்தத மாத்தச் சொல்றீங்களாய்யா?"

கேட்டுவிட்டுச் சீட்டை பைபிளுக்குள் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். சரியான கிறுக்கு என்று நினைத்தேன்.

விடிந்ததும் சீட்டில் இருந்த விலாசத்தைத் தேடிப் போய்விட்டாள். அவள் நர்ஸ் இல்லை. நூல் மில்லில் வேலை. சோலைமுத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். லாரி மேலிருந்து விழுந்து தொடை எலும்பு இரண்டும் உடைந்து, எலும்பு கூடிய பிறகும் முட்டி மடங்காமல் கட்டிலோடு கிடந்தான். தினமும் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தால் நடப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கொடுக்கத்தான் ஆள் இல்லை.

முதல் நாள் அவன் சில்வர் டம்ளரை அவள் மேல் வீசியிருக்கிறான். மறுநாள் அவள் பிளாஸ்டிக் டம்ளர் ஒன்று வாங்கிக்கொண்டு போனாளாம். இந்த மாதிரிப் பொம்பளையை என்ன செய்வது!

மில் பஸ் வருவதற்கு முன்னால் தினமும் ஒரு மணி நேரம். ஆடிக்காற்றிலும் போனாள், ஐப்பசி மழையிலும் போனாள். வலி தாங்காமல் அவன் கெட்ட வார்த்தையில் வைவான், இவள் ஞானப்பாட்டைப் பாடிக்கொண்டே காலை மடக்குவாள். ஞாயிற்றுக்கிழமையும் அங்கே போய்விட்டுத்தான் கோயிலுக்கு வருவாள். பிந்தி வருகிறவளை நான் முறைப்பேன்.

இன்றைக்கும் முறைத்தேன். அப்புறம்தான் அந்த ஆளைப் பார்த்தேன்.

நெற்றியில் திருநீறு. கையில் கம்பு இல்லை. வாசல்படியைத் தாண்டி வலது காலை உள்ளே வைத்தான். பிறகு இடது கால். ரூபி பின்னால் இரண்டு கையையும் நீட்டியபடியே வந்தாள், ஆனால் தொடவில்லை.

சிரித்த கோயில் மூச்சுவிடாமல் பார்த்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவன் எட்டுகளை எண்ண ஆரம்பித்தது. பத்துக்கு மேல் பெண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. இருபதில் மொத்தக் கோயிலும் எழுந்து நின்று எண்ணியது. ஒரு இடத்தில் அவன் தள்ளாடினான். எல்லாரும் "ஆண்டவரே!" என்று கத்தினார்கள். அவன் சிரித்துவிட்டு அடுத்த எட்டை வைத்தான்.

முப்பத்தாறாவது எட்டில் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றான். பாடகர் குழு யாரும் சொல்லாமலே பாட ஆரம்பித்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே கைத்தட்டல், ஒரே அல்லேலூயா. ரூபி மட்டும் தாவணி நழுவிய சிறுமி போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விடிகாலையில் பார்த்த வேலை முடிந்தது என்கிற மாதிரி நின்றாள்.

தட்டில் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை எடுக்கச் சொல்லி அவனுக்குக் கண்ணைக் காட்டினாள். அது என் சீட்டு! நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

ரூபி பைபிளைத் திறந்து, போன வருஷச் சீட்டை எடுத்துக் காலித் தட்டில் வைத்தாள்.

"என் வருஷம் முடிஞ்சுபோச்சுண்ணே. இது ஒங்களுக்கு. சத்தமா வாசிங்க."

அவளுக்கு எப்போது தெரிந்ததோ! அவன்தான் சொல்லியிருப்பான். தெரிந்தும் ஒரு வார்த்தை அவள் என்னிடம் கேட்டதில்லை.

அது பட்டியலில் இருந்து கலந்த சீட்டு இல்லை. அதற்கு முந்தி மூன்று வாரமாக ஆண்டவர் என்னைத்தான் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று என் வாசலை மிதிக்காதே என்றவன் அவன். நீயும் என் வாசலுக்கு வராதே என்று நானும் சொன்னேன். ஒன்பது வருஷம். அந்த வாசலில் போய் நிற்க எனக்கு வீம்பு விடவில்லை. யார் கைக்கோ போகட்டும் என்று பெயரை எழுதி, மடித்து, நான்தான் தட்டில் போட்டேன்.

மைக்கைப் பிடித்தேன்.

"சோலைமுத்து," என்று வாசித்தேன். "நாகல்நகர் பின்தெரு. தகர வீடு. நடக்க முடியாது."

கோயில் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை அவனும் சிரித்தான்.

சீட்டில் நான் எழுதாமல் விட்டதையும் சேர்த்து வாசித்தேன்.

"என் தம்பி."

சிரிப்பு நின்றுவிட்டது. போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். கால் வரவில்லை. தட்டோடு அப்படியே நின்றேன்.

அவன்தான் நடந்து வந்தான்.