டேக் ஆஃபுக்கு மூன்றே அர்த்தம்

“பெருமுக்கல் கோயில் கற்பூரத்தை அணைச்சு சொல்றேன், ஒரு வார்த்தை பொய்யில்ல!” என்றார் விழுப்புரம் இங்கிலீஷ் டியூஷன் வாத்தியார் அரசப்பன், புத்தம்புது நெற்றிக்கட்டோடு.

‘டேக் ஆஃப்’ என்பதற்கு மூன்றே அர்த்தம் என்று அவர் நடத்தியிருந்தார். ஆறு என்று கைடு போட்டிருந்தார், அரசப்பன் முகமே பார்த்திராத, திண்டிவனத்தில் டியூஷன் நடத்தும் கே. கொளஞ்சி. நேரில் போய் ஜெயித்து வராவிட்டால் மொத்த பேட்ச்சும் திண்டிவனத்துக்கு மாறிவிடும். காலையில் பஸ் ஏறியவர் இப்போதுதான் திரும்பியிருந்தார்.

“விமானம் கிளம்பறதுன்னு சொல்லி மூக்கில ஒரு குத்து. கழட்டறதுன்னு சொல்லி சட்டையைக் கிழிச்சேன். லீவு எடுக்கறதுன்னு சொல்லி, ஒரு மாசம் எழுந்திருக்காதபடி முட்டியைப் பேத்தேன்!”

“மீதி மூணு அர்த்தம் சார்?” என்றாள் இளவரசி.

“அதையேதான் அவனும் கேட்டான். மீசையைப் பிடிச்சு இழுத்தேன், பாதி மீசை கையோட வந்துடுச்சு. ரத்தமா ஊத்துது. ‘மூணுதாண்ணா’ன்னு அழுதுக்கினே கால்ல விழுந்தான்.”

வகுப்பு கைதட்டியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளும் கைதட்டினார்.

“நீங்க யாரும்மா? பொண்ணைச் சேர்க்க வந்தீங்களா?”

“இல்லீங்க சார். பேசித் தீர்த்துக்கலாம்னு காலையிலேர்ந்து உங்களுக்காகக் காத்துக்கினு இருக்கேன். நான்தான் திண்டிவனம் கொளஞ்சி.”